தனி ஆணியில் ஒரு எனாமல் குவளை

பழைய வண்ணாரப்பேட்டையில் என் தாத்தா குடும்பம் இருந்தது ஒரு ஒண்டுக்குடித்தன வீட்டில். 1960-களின் கடைசியில் பெரியம்மாவுக்குக் காசநோய் கண்டதும், மற்றப் பாத்திரங்களோடு சேராமல் தனி ஆணியில் ஒரு எனாமல் குவளை தொங்கத் தொடங்கியது என்றும், குழாயடியில் எல்லோரும் பிடித்து முடித்த பிறகே பெரியம்மா குடத்தை வைக்க முடிந்தது என்றும் அம்மா சொல்வார். வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டுத்தான் பெரியம்மா குணமானார். ஆனாலும் காசநோயாளிகளைத் தங்கவைத்துப் பார்க்கும் தாம்பரம் சானடோரியத்துக்கு அனுப்ப முடியாமல் போயிற்றே என்ற மனக்குறை பாட்டிக்குக் கடைசிவரை தீரவில்லை.

பாட்டியைக் குறை சொல்ல முடியாது. நல்ல காற்று, முழு ஓய்வு, சத்தான சாப்பாடு ஆகிய மூன்றும்தான் காசநோயைத் தீர்க்கும் என்று உலகத்து மருத்துவர்களே வெகுகாலம் நம்பியிருந்தார்கள். 1928-இல் டாக்டர் சவுரிமுத்து தாம்பரத்தில் எழுப்பிய சானடோரியம் அந்த நம்பிக்கையில் பிறந்ததுதான், அதன் பெயரில் இன்றும் மின்சார ரயில் நின்று போகிறது. 1952-இல் ஐசோனியசிட் மாத்திரை வந்த பிறகும், மருந்தோடு படுக்கையும் வேண்டும் என்றே பலர் கருதினார்கள்.

அந்தக் கருத்தைச் சோதித்துப் பார்த்தது நம் ஊர்தான். 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரைச் சீட்டுக் குலுக்கியதுபோல் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறுபாதியை அவரவர் வீட்டிலும் வைத்து, இரு தரப்புக்கும் ஓராண்டு ஒரே மருந்தைக் கொடுத்தது. ஆண்டு முடிவில் சானடோரியத்தில் ஏறத்தாழ 92 சதவீதத்தினருக்கும், வீட்டில் 86 சதவீதத்தினருக்கும் நோய் அடங்கியிருந்தது.

இந்தச் சிறிய வித்தியாசத்தை விட, அது எந்த நிலைமையில் கிடைத்தது என்பதே எனக்கு வியப்பாக இருக்கிறது. சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டு, படுத்து ஓய்வெடுத்து, எடையும் கூடினார்கள். வீட்டில் இருந்தவர்களோ நெருக்கடியான அறைகளில் அரைகுறைச் சாப்பாட்டோடு, வேலையையும் பார்த்துக்கொண்டு, வாரந்தோறும் மையத்துக்கு வந்து மருந்து வாங்கிப் போனார்கள். அதைவிடப் பெரிய வியப்பு, ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தும், நோயாளியோடு ஒரே அறையில் இருந்த வீட்டாருக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை என்பது. தொற்ற வேண்டியது பெரும்பாலும் நோயைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே தொற்றிவிடுகிறது. மருந்து உள்ளே போகத் தொடங்கியதும் இருமலில் வெளிவரும் கிருமி வேகமாகக் குறைகிறது.

மருந்தை ஒழுங்காக விழுங்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. ஐசோனியசிட்டோடு கொடுத்த 'பாஸ்' என்ற மருந்தைத் தினமும் கிராம் கணக்கில் விழுங்க வேண்டும், வயிற்றைப் புரட்டும். அதனால் மையத்து ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மிச்சத்தை எண்ணினார்கள், சிறுநீரையும் சோதித்தார்கள். பின்னர் அதே மையம், ஊழியர் கண்ணெதிரிலேயே வாரம் இருமுறை மருந்து கொடுக்கும் முறையையும் சோதித்தது.

எங்கள் வீட்டில் அரிசிப் பானைக்குப் பின்னால் பெருக்கும்போது ஒருநாள் ஒரு கைப்பிடி மாத்திரை கிடைத்ததாம். அதன் பிறகு தினமும் காலையில் பெரியம்மா வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினால்தான் பாட்டி காப்பி கொடுப்பாராம். பெரியம்மாவைப் பெண் பார்க்க வந்த அன்று விடியற்காலையில், குவளையோடு அந்த ஆணியையும் பிடுங்கி எறிந்துவிட்டு, சுவரில் இருந்த ஓட்டையைச் சுண்ணாம்பு வைத்து அடைத்தவரும் பாட்டிதான்.