அவர் எப்பிடி நடந்தவர்?

வன்னிக்கு வேலைக்கு வந்த புதிதில் குடும்ப வரலாறு கேட்பது எனக்கு அரை நிமிட வேலை. "உங்கட ஆக்களில ஆரும் இப்பிடி வருத்தத்தில செத்தவையோ?" "இல்லை டொக்டர்." எழுதிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிடுவேன். கிளினிக் நாளில் வாசல் வரைக்கும் சனம் நிற்கும்.

அந்த "இல்லை"யை நம்பி ஒரு பெடியனுக்கு ஏழு மாதம் ஈரலில் வருத்தம் தேடியிருக்கிறேன்.

ஒட்டுசுட்டான் பக்கத்துப் பிள்ளை, ஐந்து வயது. (ஆளை அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன்.) காய்ச்சலுக்கு வந்தபோது எடுத்த இரத்தத்தில், ஈரல் பழுதுபட்டால் ஏறும் எஸ்.ஜி.பி.ரி. என்ற நொதி 300ஐத் தாண்டி நின்றது. ஈரல் அழற்சி என்று முடிவு கட்டினேன். வைரசுக்குச் சோதனை, ஸ்கான், மாதாமாதம் திரும்ப இரத்தம். எல்லாம் சரி, அந்த எண் மட்டும் இறங்கவில்லை. தாய் ஒவ்வொரு முறையும் விடிய முதல் பஸ் பிடித்து வருவார். ஓடினால் விழுகிறான் என்று ஒருநாள் சொன்னார். சின்னப் பிள்ளைகள் விழத்தானே செய்யும் என்றேன். இதை எழுதும்போதும் கூச்சமாக இருக்கிறது.

கண்டுபிடித்தது என் கெட்டித்தனம் இல்லை. மேசையிலிருந்து பேனை உருண்டு விழுந்தது. பெடியன் கதிரையிலிருந்து இறங்கி எடுத்தான். எழும்பத்தான் முடியவில்லை. கையிரண்டையும் நிலத்தில் ஊன்றிப் பின்பக்கத்தை உயர்த்தினான். பிறகு கை முழங்காலுக்கு வந்தது, அங்கிருந்து தொடைக்கு. தன் உடம்பையே பிடித்து ஏறி நிமிர்ந்தான். "அப்பு மாதிரி எழும்பிறான்" என்று தாதி மிஸ் சிரித்தார். வில்லியம் கவர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1879 இல் எழுதிவைத்த அடையாளம் அது. பரீட்சைக்குப் பாடமாக்கியிருந்தேன். ஏழு மாதமும் அவனைக் கதிரையிலும் கட்டிலிலும்தான் பார்த்தேன், ஒருநாளும் நிலத்தில் இருத்தி எழுப்பிப் பார்க்கவில்லை.

காற்சட்டையை உயர்த்திப் பார்த்தால் கெண்டைக்கால்கள் பயில்வானுக்குப் போலத் திரண்டிருந்தன. தேப்பன்ர கால் என்று வீட்டில் பெருமைப்பட்டிருக்கிறார்கள். எஸ்.ஜி.பி.ரி. ஈரலில் மட்டுமல்ல, தசையிலும் இருக்கிறது. தசை சிதைந்தாலும் இரத்தத்தில் ஏறும். தசையிலிருந்து கசியும் சீ.கே. என்ற நொதியைப் பார்த்தோம். சில நூறுக்குள் நிற்க வேண்டியது 16,000. டுசென் தசைநலிவு, தசைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்கும் பரம்பரை வருத்தம். பிறகு மரபணுச் சோதனையும் அதையே சொன்னது.

அன்றைக்கு மறுபடி கேட்டேன். "ஒருத்தரும் இல்லை டொக்டர்." உங்களுக்குச் சகோதரங்கள் எத்தனை பேர்? "நாலு. தம்பி 2009 இல செல் விழுந்து போயிட்டார்." இந்த இடத்தில் வழக்கமாகப் பேனையை எடுத்துவிடுவேன். வன்னியில் இதற்கு மேல் கேட்க யாருக்கும் வாய் வராது. அன்று மட்டும், "தம்பி எப்பிடி நடந்தவர்?" என்றேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "அவர் நடக்கேல்லையே. பதினொரு வயசோட நிண்டிட்டுது. சைக்கிள் கரியர்ல இருத்தி உருட்டிக்கொண்டுதான் இடம்பெயர்ந்தனாங்கள்."

வருத்தத்தில் செத்தவையோ என்று கேட்டேன், அவர் வருத்தத்தில் சாகவில்லை. தாய் சொன்ன பதில் சரி.

வம்ச வரைபடத்தில் ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், வருத்தக்காரருக்குக் கறுப்பு நிறம், இறந்தவருக்குக் குறுக்குக் கோடு. காணாமல் போனவருக்கு நான் படித்த புத்தகத்தில் குறி இல்லை. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொள்கிறேன். சாவைப் பற்றிக் கேட்பதை இப்போது பின்னுக்குத் தள்ளிவிட்டேன். எப்பிடி நடந்தவர், பள்ளிக்கூடம் போனவரோ, இரத்தம் ஏத்தினவையோ, சின்னக் காயத்துக்கும் இரத்தம் நிக்காமல் ஓடினதோ என்று உயிரோடு இருந்த காலத்தைக் கேட்கிறேன். நேரம் எடுக்கிறது. சிலர் அழுகிறார்கள். பலர், அந்தப் பிள்ளையைப் பற்றி ஒருத்தர் கேட்டதே போதும் என்பதுபோல் நிறுத்தாமல் சொல்கிறார்கள்.

தாயை மட்டும் இருத்தி விளக்கினேன். குறை எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. அதைக் காவுகிற பெண்ணுக்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் பாதி வாய்ப்பு. "சொந்தத்துக்க செய்தபடியாலோ?" என்றார், புருசன் மாமா மகன். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் குறை வந்தால் வரும் இரத்த வருத்தமான தலசீமியா என்றால் அந்தக் கேள்வி பொருந்தும், இதற்கு இல்லை. மாமியாருக்கு முன்னால் "தாய் வழி" என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஸ்டீரொயிட் நடையைக் கொஞ்சக் காலம் நீட்டும், மாற்றாது. அதையும் சொன்னேன்.

ஏழு மாதம் முந்தியிருந்தால் பெடியனுக்குப் பெரிய வித்தியாசம் இருந்திராது என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். அப்போதுதான் தன்ர தங்கச்சி ஆறு மாதக் கர்ப்பம் என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை தங்கச்சி வந்தாள். கூடவே அம்மம்மாவும். தாளை விரிக்க முதலே, "என்ர பெடியனைப் பற்றித்தானே கேக்கப் போறீங்கள்" என்றபடி கதிரையை இழுத்து இருந்தார். "மூண்டு வயசு மட்டும் நல்லாத்தான் ஓடித் திரிஞ்சவன், தம்பி."