அல்ரோ பாடுற சின்னவனும் தேத்தண்ணி குடியாத மச்சாளும்

சின்னப் பிள்ளையள் உள்ள அம்மாமார் சேர்ச்சில பாடுற கொயருக்கு வரலாமோ எண்டு ஒரு கதை எங்கட பக்கத்தில எப்பவும் ஓடிக்கொண்டுதான் இருக்கு. ஆரும் முகத்துக்கு நேர வராதீங்கோ எண்டு சொல்லமாட்டினம். கலியாணம் கட்டி முதல் பிள்ளை பிறந்த உடன "இனி உமக்கு எங்க நேரம் கிடைக்கப்போகுது" எண்டு அன்பாத்தான் கேப்பினம். அந்த அன்பில எத்தின நல்ல குரல் வீட்டோட நிண்டுபோச்சு எண்டு எனக்குத் தெரியும், ஏனெண்டா அதுகள் எல்லாம் என்னோட யாழ்ப்பாணத்து உடுவில் மகளிர் கல்லூரியில ஒண்டாப் படிச்சு ஒண்டாப் பாடின பிள்ளையள். 1824 ல தொடங்கின பள்ளிக்கூடம், பாட்டு எண்டா அங்க உயிர், நாலு குரலா ஞானப்பாட்டுப் பாடப் பழக்கினதும் அங்கதான். அவ்வளவு பழகிப்போட்டு இருபத்தெட்டு முப்பது வயதில வாயை மூடிக்கொண்டு வாங்கில இருக்கிறது எவ்வளவு வீண் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

நான் விடேல்லை. அதுக்கு என்ர மாமிதான் காரணம், என்ர கெட்டித்தனம் எண்டு ஒண்டும் இல்லை. மூத்தவள் பிறந்து கொஞ்ச நாளிலயே "பிள்ளையை நான் பாக்கிறன், நீர் போட்டு வாரும்" எண்டு சொல்லி அனுப்பினவா. ரெண்டாவது இவன் பிறக்கேக்க மாமிக்கு முழங்கால் வருத்தம் தொடங்கிட்டுது, ஓடித்திரியிற பெடியனைப் பிடிக்க ஏலாது, அதால இவனை நான் ப்ராக்டிஸுக்கே கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினன். என்ர கதிரைக்குக் கீழ ஒரு துவாயை விரிச்சு, ரெண்டு விளையாட்டுக் காரும் ஒரு சரை கச்சானும் குடுத்தா இருப்பான். கச்சான் கோது உடைக்கிற சத்தம்தான் கொஞ்சம் கேக்கும்.

இதில என்ன நடந்தது எண்டா, நான் அல்ரோ. தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன், நாலு குரல் பாட்டில மெட்டு இருக்கிறது சொப்ரானோவில, எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டு எண்டா அதுதான். அல்ரோ அதுக்குக் கீழ போகும், பெரிசா ஏறி இறங்காது, சில நேரம் ஒரு வரி முழுக்க ஒரே சுரத்திலயே நிக்கும், தனியக் கேட்டா என்ன பாட்டெண்டே சொல்லேலாது. இவன் பால் குடிக்கிற வயதில இருந்து என்ர காலடியில இருந்து கேட்டதெல்லாம் அந்த அல்ரோ மட்டும்தான். அவனைப் பொறுத்தவரை அதுதான் பாட்டு!

போன வருசம் ஞாயிறு பள்ளிக்கூடத்தில ஒவ்வொரு பிள்ளையையும் தனியப் பாடச் சொல்லிக் கேட்டவை. இவன் எழும்பி நிண்டு நல்ல பலத்த குரலில பாடினான், ரீச்சருக்கு ஒண்டும் விளங்கேல்லை, சொல்லு சரி, தாளம் சரி, மெட்டை மட்டும் காணேல்லை. பிள்ளைக்குச் சுதி பிடிபடேல்லைப் போல எண்டு நினைச்சு "பறவாயில்லை ராசா, இருங்கோ" எண்டு சொல்லிட்டா. கீபோட்டில இருந்த மற்ற ரீச்சர்தான் "பொறுங்கோ பொறுங்கோ, இன்னொருக்காப் பாடு அப்பன்" எண்டு சொல்லிப்போட்டு அவன் பாடப்பாட சொப்ரானோவை வாசிச்சவா, ரெண்டும் அப்பிடியே பொருந்திச்சுதாம். நாலரை வயதுப் பெடியன் ஒரு பாட்டு முழுக்க அல்ரோவைத் தனியப் பிடிச்சு நிண்டிருக்கிறான்! பெரியாக்களே பக்கத்தில சொப்ரானோ கேட்டா அங்கால இழுபட்டுப் போயிடுவினம். எனக்கு அதைக் கேட்டு அழுகையே வந்திட்டுது, சந்தோசத்திலதான்.

இதோட முடிஞ்சிருந்தா நல்லது, இவன் வீட்டில அப்பம்மாக்கும் பாட்டுப் படிப்பிச்சுப் போட்டான். மாமிக்கு எழுபதுக்கு மேல, காது கொஞ்சம் மந்தம், பேரன் சொன்னா வேதவாக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில நாங்கள் முன்னுக்குக் கொயரில நிக்கிறம், நடுவில மூண்டாவது வாங்கில அப்பம்மாவும் பேரனும் நிண்டு ரெண்டு பேரும் பலத்து அல்ரோ, அவைக்குப் பின் வாங்கில இருந்த ஆக்களும் மாமி பழைய பாட்டுக்காரி, அவா பிழைவிடமாட்டா எண்டு நம்பிப் பின்னால பிடிச்சிட்டினம். கடைசிச் சரணத்தில பாதிச் சேர்ச் அல்ரோ. எங்கட இவர் பேஸ் பாடுறவர், அது எல்லாத்துக்கும் கீழ போற ஆம்பிளைக் குரல், சிரிப்பை அடக்கேலாமல் பாட்டுப் புத்தகத்துக்குள்ள முகத்தைப் புதைச்சிட்டார். முடிய வெளியில வரேக்க ஒரு வயசானவர் "இண்டைக்குப் பாட்டு நல்ல கனமா இருந்தது" எண்டு சொன்னார், உண்மையாத்தான் சொன்னார்.

இவரின்ர கதையும் சொல்லோணும். அவருக்கு பேஸ் பழகிற இடம் கிணத்தடி. தண்ணி மோட்டரைப் போட்டா ஒரு இரைச்சல் வரும் தானே, அது அசையாமல் ஒரே சுரத்தில நிக்கும். எங்கட கறண்ட் ஐம்பது ஹேர்ட்ஸ், அதால மோட்டரின்ர ஹம் நூறில வரும் எண்டு மூத்தவள் தன்ர சயன்ஸ் புத்தகத்தில பாத்துச் சொன்னவள், பிறகு கீபோட்டை விறாந்தைக்குக் கொண்டுவந்து அமத்திப் பாத்தம், ஜீக்கும் ஜீ ஷார்ப்புக்கும் நடுவில நிக்குது, சரியாச் சொன்னாள். அந்தச் சுதியைப் பிடிச்சுக்கொண்டு இவர் தோட்டத்துக்குத் தண்ணி மாறி மாறி விட்டுக்கொண்டு பாடுவார். ஒருநாள் மாமி ராங்கி நிரம்பிட்டுது எண்டு சுவிச்சை நிப்பாட்டிட்டா, இவர் பாதிச் சொல்லில நிண்டிட்டு "அம்மா, போடுங்கோ, ஒரு வரி கிடக்கு" எண்டு கத்தினார், மாமி பேசாமல் திருப்பிப் போட்டு விட்டா, ராங்கி வழிஞ்சு கோழிக்கூடு எல்லாம் வெள்ளம். அந்தக் கிழமை பேஸ் எவ்வளவு உறுதியா இருந்தது தெரியுமே.

இனி மச்சாள். இவரின்ர தங்கச்சி, இடம்பெயர்ந்த காலத்தில கனடா போய் இப்ப கல்கரியில இருக்கிறா, மூண்டு பிள்ளையள். அங்க போய் மோர்மன் எண்டு ஊர் சொல்லுற சபையில சேந்திட்டா, அவைக்கு அந்தப் பேரை விட பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை எண்டு முழுசாச் சொல்லுறதுதான் விருப்பம். மாமிக்கு அது தொடக்கத்தில பெரிய கவலை. அவையின்ர சபை தொடங்கினது 1830 ல, அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816 ல, "உங்கட சபை பிறக்க முன்னமே அமெரிக்காக்காரர் எங்களுக்கு வேதம் கொண்டு வந்திட்டினம் பிள்ளை" எண்டு மாமி போனில சொல்லுவா. விசுவாசத்தில வித்தியாசம் இருக்கு, சின்ன வித்தியாசமும் இல்லை, அதை நாங்கள் ஆரும் மூடி மறைக்கேல்லை. ஆனா மச்சாள் தன்ர சபையில கொயர் நடத்திறவா, பாட்டைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினா எங்கள் ரெண்டு பேருக்கும் நேரம் போறது தெரியாது.

போன மார்கழிக்குப் பிள்ளையளோட வந்து நிண்டவா. வந்த அண்டைக்கே மாமி பால் விட்டுத் தேத்தண்ணி ஊத்திக் கொண்டு வந்து குடுக்க, மச்சாள் மெல்லமா "அம்மா, நான் குடிக்கிறேல்லை" எண்டவா. அவையின்ர சபையில 1833 ல இருந்து ஒரு ஒழுங்கு இருக்கு, மது, புகையிலை, கோப்பி, தேத்தண்ணி ஒண்டும் தொடுறேல்லை. எங்களுக்கு இது போனில தெரிஞ்ச விசயம்தான், ஆனா கண்ணுக்கு முன்னால பெத்த மகள் தேத்தண்ணியைத் தள்ளி வைச்சா மாமி என்ன செய்வா! "சின்னனில தேத்தண்ணிக்குள்ள பாணைத் தோய்ச்சுத் தின்ட பிள்ளையடி நீ" எண்டு கண் கலங்கிட்டா. பக்கத்து வீட்டு ஆச்சி வேலிக்கு மேலால எட்டிப் பாத்து, தாய்க்கும் மகளுக்கும் ஏதோ கோவம் போல எண்டு நினைச்சு, சமாதானம் பண்ண வந்து, தானும் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போனா.

அடுத்த நாள் விடிய மாமி ஒரு முடிவோட எழும்பினா. கொத்தமல்லியை வறுத்து, வேர்க்கொம்பும் ரெண்டு மிளகும் தட்டிப் போட்டுக் கொதிக்க வைச்சு, பனங்கட்டியோட மல்லித்தண்ணி. "இது உங்கட ஒழுங்குக்குச் சரியோ?" எண்டு கேட்டா, மச்சாள் ஓம் எண்டு சொல்லி ரெண்டு கப் குடிச்சவா. அந்தப் பின்னேரம் நல்ல மழை, ப்ராக்டிஸுக்கு வந்த ஆக்களில பாதிப் பேருக்குத் தடிமன், மாமி ஒரு பெரிய பிளாஸ்க் நிறைய மல்லித்தண்ணி கட்டி அனுப்பினவா, எல்லாரும் குடிச்சிட்டுத் தொண்டை திறந்திட்டுது எண்டு சொன்னவை. இப்ப எங்கட கொயரில பிளேன்ரீ இல்லை, ஒவ்வொரு கிழமையும் மல்லித்தண்ணி தான்.

மச்சாள் அண்டைக்கு எங்களோட இருந்து பாடினவா. எங்கட கீர்த்தனையள் அவாவுக்கு இன்னும் பாடம், கிறிஸ்தவக் கீர்த்தனையள் எழுதின வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) பாட்டெண்டா புத்தகம் பாக்காமல் பாடுவா. அங்க அவையின்ர ஆராதனையில வழக்கமாப் பியானோ இல்லாட்டி ஓர்கன் தானாம், அதால இஞ்ச மிருதங்கம் தொடங்கின உடன அவாக்கு உடம்பு சிலிர்த்திட்டுது எண்டு சொன்னவா. அவாவின்ர கடைக்குட்டி, கல்கரியில பிறந்தது, மிருதங்கக்காரருக்கு முன்னால போய் இருந்து ரெண்டு மணித்தியாலமா அசையேல்லை.

பிறகு ராவு விறாந்தையில இருந்து கதைக்கேக்கதான் எனக்கு வேண்டிய விசயம் வந்தது. அங்க ஊர்ச் சபையின்ர கொயருக்குக் குரல் பாத்து எடுக்கிறேல்லையாம், விரும்பின ஆரும் வரலாம், ஞாயிறு ஆராதனை முடிய அங்கயே ப்ராக்டிஸ், பிள்ளையள் எல்லாம் நிலத்தில. ஆராதனை ஒரு மணித்தியாலம், அதிலயும் கைக்குழந்தையளில இருந்து எல்லாம் தாய் தேப்பனோடயே இருக்குங்கள், அழும், ஓடும், அம்மாமார் சின்ன டப்பாவில சீரியல் கொண்டு போறது, முடிய வாங்குக்குக் கீழ குனிஞ்சு பொறுக்கிறது ஒரு வேலை எண்டு சொல்லிச் சிரிச்சவா. மச்சாள் கை காட்டிக் கொயர் நடத்தேக்க அவாவின்ர கடைக்குட்டி பின்னுக்கு நிண்டு அதே மாதிரிக் கை காட்டுமாம், பேஸ் ஆக்கள் அந்தப் பிள்ளையைப் பாத்துத் தொடங்கிட்டினமாம் ஒருக்கா.

ஆனா அதே சபைக்குத்தான் சோல்ட் லேக் சிற்றியில அந்தப் பெரிய டபர்னக்கிள் கொயரும் இருக்கு. 1847 ல தொடங்கினது, 360 பேர், ஒருத்தருக்கும் சம்பளம் இல்லை, 1929 ல இருந்து கிழமைக்கிழமை ஒலிபரப்பு. அதில சேர 25 வயது ஆகோணும், சோதனை வைச்சுத்தான் எடுப்பினம், 20 வருசம் பாடினா இல்லாட்டி 60 வயது வந்தா விலகோணும். மாமிக்கு இதில கடைசி விசயம் மட்டும்தான் காதில விழுந்தது. "அறுபதோட நிப்பாட்டிறதோ? அறுபதிலதானே எனக்குப் பாட்டின்ர கருத்தே விளங்கத் தொடங்கினது" எண்டா. மச்சாள் ஒண்டும் சொல்லாமல் தாயைக் கட்டிப்பிடிச்சா.

நான் சொல்லவாறது இதுதான். உலகம் முழுக்கக் கேக்கிற கொயருக்கு ஒரு சட்டம், ஊர்ச் சபைக் கொயருக்கு வேற சட்டம், அவை ரெண்டையும் பிரிச்சு வைச்சிருக்கினம். நாங்கள் முப்பது பேர் இருக்கிற ஊர்க் கொயரை அந்த 360 பேர்க் கொயர் மாதிரி நினைச்சு, பிள்ளை சிணுங்கினா ஏதோ ரெக்கோடிங் பழுதாப்போன மாதிரித் திரும்பிப் பாக்கிறம். ஒரு தாய் ரெண்டு மூண்டு தரம் அப்பிடித் திரும்பிப் பாக்கப்பட்டா நாலாந்தரம் வரமாட்டாள். அவள் பாடாட்டி அவளின்ர பிள்ளைக்கும் அந்தப் பாட்டு வராது, இது எனக்கு நல்ல நிச்சயம், என்ர கதிரைக்குக் கீழ இருந்து ஒரு அல்ரோ முளைச்சதை நான் கண்டனான்.

தை மாதம் போதகரோடயும் கொயர் மாஸ்டரோடயும் கதைச்சன். ரெண்டு பேரும் மறுக்கேல்லை, முந்தி ஆரும் கேக்கேல்லை எண்டுதான் சொன்னவை. இப்ப சனிக்கிழமை ஆறு மணிக்குப் பதிலா நாலு மணிக்கு, ஹோலின்ர ஒரு மூலையில பாய் விரிச்சு, மூத்தவளும் அவளின்ர கூட்டாளியளும் மாறி மாறிச் சின்னனுகளைப் பாக்கினம். கலியாணத்தோட நிண்ட ரெண்டு சொப்ரானோ திரும்பி வந்திட்டினம், ஒராள் ஆறு மாதப் பிள்ளையோட. அந்தப் பிள்ளை மேல் சுரம் வந்தா மட்டும் அழும், தாய் எடுத்துத் தோளில போட்டுக்கொண்டு அப்பிடியே பாடுவா, அவா பாடப்பாட அது நித்திரையாப் போயிடும்.

இந்த வருசக் கிறிஸ்மஸ் ஒளிவிழாவுக்கு ரெண்டு நாலு குரல் பாட்டும் ஒரு கீர்த்தனையும் எடுத்திருக்கிறம். அல்ரோ இப்ப தாராளம், ஆம்பிளையளின்ர மேல் குரல், ரெனர்தான் காணாது. தோட்டத்தால வாற உடுப்போட வந்தாலும் சரி, இசை வாசிக்கத் தெரியாட்டியும் சரி, காதால கேட்டுப் பிடிக்கலாம். பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, கச்சானை மட்டும் வீட்டிலயே கோது உடைச்சுக் கொண்டு வாங்கோ.