அம்மா கழற்றி வைத்த அலாரம்

2021 கடைசியில் நாடு முழுக்க கேஸ் அடுப்புகள் வெடித்துக்கொண்டிருந்த நேரம், பயத்தில் புறக்கோட்டைக்குப் போய் ஒரு கேஸ் அலாரம் வாங்கி வந்து, எங்கள் வெள்ளவத்தை வீட்டுக் குசினியில் சீலிங்குக்குக் கிட்டப் பூட்டினேன். தாளித்தால் கத்தும். நுளம்பு மருந்து அடித்தால் கத்தும். கைக்கு சனிடைசர் பூசினாலும் கத்தும். மூன்றாம் நாள் அம்மா, "தம்பி, உது கேஸுக்குக் கத்துதா, நான் சமைக்கிறதுக்குக் கத்துதா?" என்று கேட்டுவிட்டு பிளக்கைக் கழற்றிவிட்டா. அதோடு சரி, அந்தப் பெட்டி சுவரில் ஒரு படம் மாதிரித் தொங்கியது.

போன கிழமை நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் மறுபடி அதை நிமிர்ந்து பார்த்தேன். இலங்கையில் நிலக்கரிச் சுரங்கமே கிடையாது, நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் எரிகிறதெல்லாம் கப்பலில் வருவது. ஆனால் அந்தக் கரியை வெட்டி எடுக்கிறவனுக்கு மேலே ஒரு மெதேன் கருவி தொங்கும். நிலக்கரிக்குள் அடைபட்டிருக்கிற மெதேன் வெட்ட வெட்ட வெளியே வரும், காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருக்கும்போது ஒரு பொறி போதும். அமெரிக்கச் சட்டப்படி 1 சதவீதத்திலேயே மின்சாரக் கருவிகளை நிறுத்தவேண்டும், 1.5 வந்தால் ஆட்கள் வெளியே வந்துவிடவேண்டும்.

கருவி வருவதற்கு முன்னால் கனேரிக் குருவி. அது மெதேனுக்கு இல்லை, காபன் மொனொக்சைட்டுக்கு: மணமும் நிறமும் இல்லாத விஷம், மனுசனுக்குத் தலை சுற்றுமுன்னே குருவி விழுந்துவிடும். பிரிட்டனில் 1911 இலிருந்து வைத்திருந்தார்கள், 1986 இல்தான் அதை விலக்குவதாக அறிவித்தார்கள். சில கூடுகளின் மேலே சின்ன ஒட்சிசன் சிலிண்டர் ஒன்று இருக்கும், குருவி மயங்கினால் கதவை அடைத்து ஒட்சிசனைத் திறந்துவிட்டு அதைப் பிழைக்க வைப்பார்களாம். எனக்கு அந்தக் குட்டி சிலிண்டரைத்தான் மறக்கவே முடியவில்லை.

இப்போது எல்லாம் சென்சர். பாசிமணி மாதிரிச் சூடான ஒரு சின்ன மணியில் மெதேன் எரியும், மணி இன்னும் சூடாகும், அதை வைத்து அளவு சொல்லும். சிலிக்கோன் ஸ்ப்ரே பட்டால் அது செத்துவிடும், செத்தது வெளியே தெரியாது, திரையில் பூச்சியம் காட்டிக்கொண்டே இருக்கும். அதனால்தான் அளவு தெரிந்த கேஸை அடித்து அடிக்கடி சோதிக்கிறார்கள்.

ஆனால் கருவி வேலை செய்தும் ஆட்கள் செத்திருக்கிறார்கள், அதுதான் என்னை உலுக்கியது. நியூசிலாந்தின் பைக் ரிவர் சுரங்கம் 2010 நவம்பர் 19 வெடித்தது, 29 பேர் போனார்கள். பிறகு விசாரித்த ஆணைக்குழு சுரங்கத்தின் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தால், அதற்கு முந்தைய 48 நாளில் மெதேன் வெடிக்கிற அளவுக்கு ஏறியதாக 21 தடவை எழுதியிருக்கிறது, அதற்குக் குறைவாக, ஆனால் ஆபத்தான அளவில் இன்னும் 27 தடவை. வெடித்த அன்று காலையிலும் ஒரு அறிக்கை வந்திருந்தது. எல்லாம் தாளில் இருந்தது. கரி எடுப்பது மட்டும் நிற்கவில்லை.

அம்மாவைக் குறை சொல்ல வரவில்லை, அது முழுக்க என் பிழை. பெட்டிக்குள் இருந்த துண்டுத்தாளை இப்போதுதான் வாசித்தேன். மெதேன் காற்றைவிட இலேசு, மேலே போய் நிற்கும், சுரங்கத்தில் கூரைப் பக்கம் பார்ப்பது அதனால். எங்கள் வீட்டு சிலிண்டரில் இருப்பது பாரமானது, கசிந்தால் தரையில்தான் பரவும். நான் பூட்டிய இடத்தில் அதற்குக் கேஸ் வந்து சேராது, தாளிக்கிற புகை மட்டும் நேராகப் போய்ச் சேரும்.

சனிக்கிழமை கழற்றி, நிலத்திலிருந்து ஒரு அடி உயரத்தில், அரிசி வாளிக்குப் பக்கத்தில் பூட்டினேன். அம்மா கடுகு போட்டா, வெங்காயம் போட்டா, கருவேப்பிலை போட்டா. கத்தவில்லை.

"பழுதாப் போச்சுதோ?" என்றா.

லைட்டரைப் பற்ற வைக்காமல் அதன் முன்னால் ஒரு செக்கன் அழுத்திப் பிடித்துக் காட்டினேன். பக்கத்து வீட்டு அன்ரி கதவைத் தட்டிவிட்டா.