போடரில் நிற்கிற சீனி

“சீனி போடரில் நிக்குது”, அதாவது இரத்தத்தில் சீனி கூடியிருக்கிறது, ஆனால் சீனி வருத்தம் (நீரிழிவு) என்கிற அளவுக்கு இன்னும் வரவில்லை என்று கிளினிக்கில் சொன்னால் எங்கள் ஆட்கள் நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். குளிசை இல்லையாம், பிறகென்ன. களுவாஞ்சிக்குடியில் என் மாமியும் அப்படித்தான் வந்தா, பின்னேரமே தேத்தண்ணிக்கு இரண்டு கரண்டி சீனி போட்டா. எனக்குப் பயமாக இருக்கிறது, ஏனென்றால் சாப்பாடும் நடையும் கைகொடுக்கும் என்று நன்றாக நிரூபித்திருப்பதே இந்தப் போடர் காலத்தில்தான்.

சீனாவின் டாச்சிங் நகரத்தில் 1986இல் இதே நிலையில் இருந்த 577 பேரை வைத்து ஆய்வு தொடங்கினார்கள். ஒரு பகுதியினரை வழமைபோல விட்டு, மற்றவர்களுக்கு ஆறு வருஷம் சாப்பாட்டிலோ உடற்பயிற்சியிலோ இரண்டிலுமோ வழிகாட்டினார்கள். பிறகு வழிகாட்டல் நின்றது, கவனிப்பது நிற்கவில்லை. 20 வருஷம் கழித்துப் பார்த்தால் சீனி வருத்தம் குறைந்திருந்தது, ஆனால் இறப்பில் தெளிவான வித்தியாசம் இல்லை. 23ஆம் வருஷத்தில்தான் அது வெளியே வந்தது: இதய, இரத்தக்குழாய் நோய்களால் இறந்தவர்கள் வழிகாட்டல் பெற்றவர்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் அளவில், பெறாதவர்களில் இருபது பேர் அளவில். 30 வருஷக் கணக்கில் வருத்தம் கிட்டத்தட்ட நாலு வருஷம் பிந்தி வந்திருந்தது. ஒரு மாதம் சீனியை விட்டுப்பார்த்து ஒன்றும் மாறவில்லை என்கிறவர்கள் இதைத்தான் யோசிக்க வேண்டும்.

சீனா எங்கே, நாங்கள் எங்கே என்றால், சரி, சென்னையைப் பாருங்கள். எங்களைப் போலச் சோறு தின்கிற சனம். போடரில் இருந்தவர்களை வைத்து அங்கே செய்து 2006இல் வெளிவந்த ஆய்வில், சும்மா விடப்பட்டவர்களில் மூன்று வருஷத்துக்குள் நூற்றுக்கு 55 பேருக்குச் சீனி வருத்தம் வந்தது. தினமும் அரை மணித்தியாலம் நடந்து, சாப்பாட்டைத் திருத்தியவர்களில் 39.

எங்கள் கோப்பையைப் பாருங்கள். குவித்த சோறு, மீன்குழம்பு, சொதி, ஓரத்தில் ஒரு கரண்டி கீரைச் சுண்டல். அந்தக் குவியல் நாள் முழுக்க வயலில் குனிந்து வெட்டியவர்களுக்கு அளவெடுத்தது. இப்போது வெட்டுவது மெஷின், வரம்புவரை போவது மோட்டார் சைக்கிள், குவியல் மட்டும் அப்படியே. சோற்றை விடச் சொல்லவில்லை, பாதியாக்கிக் கீரையைக் கூட்டுங்கள்.

நடைதான் பெண்களுக்குக் கரைச்சல். தனியாக றோட்டில் நடந்தால் “எங்க போறா” என்று நாலு வாசலில் கேட்பார்கள். பக்கத்து வீட்டு இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு விடிய வெள்ளனப் போனால் அந்தக் கேள்வி வராது, மழை நாளில் ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டும் போகலாம்.