மட்டை அடுக்குக்கு அடியில

மலேசியாவுல, சிலாங்கூர் ஈஜோக் பக்கம், எண்ணெய் எடுக்குற செம்பனைத் தோட்டத்த அழிச்சு தாமான், அதான் குடியிருப்பு, கட்டுற சைட்டுல சூப்பர்வைசரா இருக்கேன். காட்ட அழிச்சிட்டீங்க, அதான் பாம்பு வீட்டுக்குள்ள வருதுன்னு புது வீட்டுக்காரங்க ஒரே புலம்பல். இங்க ஏதுங்க காடு, எங்க தாத்தா காலத்துலயே பால்மரம், அதான் ரப்பர், அப்புறம் செம்பனை. பாம்பு தோட்டத்துலயேதான் இருந்துச்சு. உதிர்ந்த பழத்தத் திங்க எலி வரும், எலியத் தேடி பாம்பு வரும், வெட்டிப் போட்ட மட்டை அடுக்குலதான் ரெண்டும் குடியிருக்கும்.

அந்த அடுக்க எக்ஸ்கவேட்டர் தூக்குறப்ப பாக்கணும். அடியில ஈர மண்ணு, எலிப் பொந்து, அதுலேருந்து கன்னங்கரேல்னு ஒரு நாகம் வழுக்கிட்டு வந்து படத்த விரிச்சு நிக்கும். கண்ணப் பாத்து விஷத்தத் துப்புற ஜாதி, அதனால கேபின் கண்ணாடிய தொறக்கவே கூடாதுன்னு டிரைவர்கிட்ட தினமும் கத்துறேன், பட்டுச்சுன்னா கசக்காம குழாய்த் தண்ணில கழுவிக்கிட்டே இருந்து நேரா ஆஸ்பத்திரிக்குப் போகணும். மலைப்பாம்புன்னா பசங்களுக்கு ஒரே குஷி, வாலப் பிடிச்சு இழுக்கப் போவானுங்க. நான் விடுறதில்ல, அவசர நம்பர் 999 அடிச்சா பாம்பு பிடிக்க ஆள் வரும். 2018ல பகாங்ல ராஜநாகம் கடிச்சு செத்துப்போனாரே பொம்பா (தீயணைப்புப் படை) வீரர் அபு ஸரின் ஹுசின், அவரு மத்த வீரர்களுக்கே பாம்பு பிடிக்க சொல்லிக் குடுத்தவரு. நம்ம பசங்க எம்மாத்திரம்.

ஆனா பாம்பு கூடிப்போச்சுன்னு சொல்றாங்க பாருங்க, அத நான் ஒத்துக்கமாட்டேன். ஜனங்க குடிவந்தப்புறம் பாத்தா ரெண்டே ஜாதிதான் மிச்சம், லோங்காங் (சாக்கடை) எலியத் தின்னு கொழுத்த மலைப்பாம்பு, சமையக்கட்டு வரைக்கும் வர்ற இந்த நாகம். மட்டைக்கு மட்டை தாவி காத்துல மெதந்து போற பறக்கும் பாம்பு, பச்சைப் பாம்பு, ஆத்தோர மரத்துல சுருண்டு கெடக்குற மஞ்சப் பட்ட போட்ட கருப்புப் பாம்பு, இதுங்கள்லாம் எங்க போச்சுன்னு ஒருத்தரும் கேக்கல. கொம்பேறிமூக்கன் கடிச்சா சுடுகாடு வரைக்கும் வந்து பொணம் எரியறதப் பாக்கும்னு பாட்டி சொல்லும், பாவம் அது, பல்லியும் தவளையும் திங்கிற பயந்தாங்கொள்ளி, அதால ஆளக் கொல்ல முடியாது. அதுக்கு மரமும் புதரும் வேணும், நாம நட்டு வச்சிருக்கிறது கார்ப்பெட் புல்லு.

நாலு பக்கமும் ஒரே நேரத்துல மெஷின எறக்குனா பாம்பு லோங்காங்குலதான் விழும், அங்கேருந்து வீடு. ரோட்டோரத்துல ஆரம்பிச்சு ஆத்துப் பக்கமா மெல்லத் தள்ளிக்கிட்டு போனா ஓட வழியாவது இருக்கும், கரையோரப் புதர அப்படியே விட்டா கொஞ்சமாச்சும் தங்கும். அடுத்த ஃபேஸ் தீபாவளிக்கு அப்புறம். ஆத்துப் பக்கத்து வரிசைய கடைசியா எடுங்கன்னு பிளான்ல சிவப்புக் கோடு போட்டுக் குடுத்திருக்கேன், மெஷின் கூடுதலா நாலு நாள் நின்னா வாடகைய யாரு கட்டுறதுன்னு காண்ட்ராக்டர் கேக்குறாரு.