முகவீணைக்கு ஒரு பாடக் காணொளி

நான் எடுத்த முதல் காணொளியைப் பெரியவர் மூன்று நிமிடம் பார்த்தார். பிறகு கைப்பேசியை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, "விரலு நல்லாத் தெரியுது தம்பி, ஊதறது எங்க?" என்று கேட்டார். முகவீணையின் ஏழு துளைகளும் அவற்றின் மேல் நடமாடும் விரல்களும் திரை நிறையத் தெரிய வேண்டும் என்பதிலேயே குறியாக இருந்த நான், அவருடைய உதடுகளையும் கன்னங்களையும் படத்துக்கு வெளியே தள்ளியிருந்தேன். அரை நாள் எடுத்த படம் முழுவதையும் அன்றே அழித்தேன்.

பெரியவர் பாலக்கோட்டுக்கும் பென்னாகரத்துக்கும் இடையில் உள்ள ஒரு சிற்றூரைச் சேர்ந்தவர். நாற்பது ஆண்டுகளாகக் கூத்துக்கு முகவீணை ஊதி வருகிறார். பெயர் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால் இங்கும் பெரியவர் என்றே எழுதுகிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் திரௌபதியம்மன் கோயில் திடலில் பாய் விரித்துக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு முகவீணையை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பெயரில் வீணை இருந்தாலும் இது ஊதுகருவி. பார்வைக்கு நாகஸ்வரத்தின் கடைக்குட்டித் தம்பி போல இருக்கும். குட்டையான மரக்குழல், அதன் தலையில் கெண்டை என்னும் சிறு உலோகக் குழாய், கெண்டையின் மேல் செருகிய, ஊதினால் அதிரும் சீவாளி, அவ்வளவுதான். குழல் குட்டையாக இருப்பதால் சுருதி உயரத்தில் நிற்கும். அதனால்தான் மிருதங்கமும் தாளமும் பின்பாட்டும் சேர்ந்து முழங்கும்போதும் அதன் ஒலி தனியாகக் கேட்கிறது. இப்போது எங்கள் பக்கத்து ஜமாக்கள் (கூத்துக் குழுக்கள்) பலவற்றில் ஆர்மோனியத்தை வைத்தே சமாளித்துக்கொள்கிறார்கள். கற்றுக்கொள்ள விரும்பும் இளைஞர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் ஓசூரில் வேலைக்குப் போகிறவன் ஒவ்வொரு வாரமும் பென்னாகரம் வந்து பாடம் கேட்க முடிவதில்லை. காணொளி எண்ணம் அதிலிருந்துதான் வந்தது.

விரலைப் படம் பிடிப்பது எளிது. ஆனால் இந்த வாத்தியத்தில் விரல் பாதி வேலைகூடச் செய்வதில்லை. ஒரே துளை அடைப்பில் காற்றின் வேகத்தைக் கூட்டினால் சுரம் மேலே ஏறும், உதட்டைத் தளர்த்தினால் கீழே இறங்கும். அதே அடைப்பில் இன்னும் வேகமாக ஊதினால் மேல் ஸ்தாயிக்கே போய்விடும். எந்தத் துளையை மூடினால் எந்தச் சுரம் என்று நான் வரைந்து வைத்திருந்த அட்டவணையைப் பெரியவரிடம் காட்டியபோது அவர் மறுப்பேதும் சொல்லாமல், காந்தாரத்துக்கான அடைப்பில் விரலை அசைக்காமல் வைத்துக்கொண்டு மூன்று வெவ்வேறு சுரங்களை ஊதிக் காட்டினார். அட்டவணையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஆகவே பாடத்தின் வரிசையைத் தலைகீழாக மாற்றினோம். முதல் பாடத்தில் குழலே கிடையாது, சீவாளி மட்டும்தான். நாணலில் செய்த இந்தச் சிறு விசிறி வடிவத் துண்டை முதலில் வாயில் ஊறவைக்க வேண்டும். காய்ந்த சீவாளியை ஊதினால் காற்றுதான் வரும், நாதம் வராது. ஊறிய பிறகு அதை எவ்வளவு ஆழம் உதட்டுக்குள் வைப்பது என்பதுதான் புதிதாகக் கற்பவரின் பெரிய சிக்கல். அதிகம் உள்ளே போனால் கீச்சிடும். நுனியைக் கவ்வினால் அதிர்வே எழாது. நேரில் கற்பிக்கும்போது குரு தன் விரலால் மாணவனின் உதட்டைத் தொட்டுச் சரிசெய்துவிடுவார். காணொளியில் அதற்கு வழியில்லை. பெரியவரின் மனைவி உள்ளேயிருந்து பூக்கட்டும் சிவப்பு நூல் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். உதடு நிற்க வேண்டிய இடத்தில் அந்த நூலை ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டி, கேமராவைப் பக்கவாட்டில் ஒரு சாண் தூரத்தில் வைத்து, பின்னால் கறுப்புப் போர்வையைத் தொங்கவிட்டு எடுத்தோம். நூலைத் தாண்டி உதடு போனாலும், நூலுக்கு முன்பே நின்றாலும் என்ன ஒலி வருகிறது என்பதையும் அவரே வேண்டுமென்றே தப்பாக ஊதிக் காட்டினார். தப்பாக ஊதுவதற்கு அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். உதடு அதுவாகவே சரியான இடத்துக்குப் போய் நின்றுவிடுகிறது.

இரண்டாவது பாடம் மூச்சு. கச்சேரியில் ஒத்து ஊதுபவர் சுருதியை அறுபடாமல் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுபவனை ஒத்து ஊதுகிறான் என்று நாம் ஏளனமாகச் சொல்கிறோம். அந்த வேலை எவ்வளவு கடினமானது என்று தெரிந்தால் அப்படிச் சொல்ல மாட்டோம். கன்னத்தில் காற்றைத் தேக்கி, அதைக் கன்னத் தசையால் அழுத்தி வெளியே அனுப்பிக்கொண்டிருக்கும் அதே நொடியில் மூக்கால் மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். இதைச் சொல்லில் விளக்க நான் நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தேன். பெரியவர் வேலியோரம் போய்ப் பப்பாளி இலை ஒன்றை ஒடித்து, அதன் காம்பை ஒரு முழ நீளத்துக்கு நறுக்கி, தண்ணீர்ச் சொம்பில் விட்டு ஊதத் தொடங்கினார். குமிழிகள் ஒரே சீராக வந்துகொண்டே இருந்தன. இடையிடையே மூக்குத் துளைகள் மட்டும் விரிந்து சுருங்கின. அவர் பதினான்கு வயதில் பழகியதும் இப்படித்தானாம். குமிழி நின்றால் மூச்சு அறுந்தது என்று பொருள், வேறு விளக்கம் தேவையில்லை. சொம்புக்குப் பதிலாகக் கண்ணாடித் தம்ளரை வைத்து, குமிழியும் கன்னமும் மூக்கும் ஒரே படத்தில் விழும்படி எடுத்தேன். என் நான்கு பக்கத்தில் ஒரு வரியும் காணொளிக்குள் வரவில்லை. இந்தப் பாடம் மட்டும் ஆறு நிமிடம் ஓடுகிறது.

ஒலிப்பதிவில் நான் பட்ட அவதியைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது மற்ற ஊதுகருவிகளைப் பதிவு செய்பவர்களுக்கும் நேரக்கூடியது. முதல் இரண்டு நாள் பதிவில் நீண்ட சுரங்கள் எல்லாம் தொடங்கிய இரண்டு நொடியில் மங்கிப்போயிருந்தன. பெரியவருக்கு மூச்சுக் குறைகிறதோ என்றுகூட நினைத்துவிட்டேன். உண்மையில் குற்றம் கைப்பேசியுடையது. ஒலி பெரிதானால் தானாகவே அளவைக் குறைப்பதும், ஒரே சீராக நீடிக்கும் ஒலியை மின்விசிறிச் சத்தம் போன்ற இரைச்சல் என்று கருதி அமுக்குவதும் அதன் வழக்கம். பேச்சுக் குரலுக்காகச் செய்த ஏற்பாடு அது. அசையாமல் நிற்கும் சுரம்தான் முகவீணைக்காரரின் திறமை. அதையே இரைச்சல் என்று கைப்பேசி துடைத்தெறிந்தது. இரண்டு வசதிகளையும் அணைத்துவைக்க இடம் தரும் பதிவுச் செயலி ஒன்றை வேறொரு கைப்பேசியில் போட்டு, அதைக் குழலின் வாய்க்கு நேராக வைக்காமல் சற்று விலக்கி ஆறடி தள்ளி வைத்தேன். முதலில் இருப்பதிலேயே பெரிய ஒலியை ஊதச் சொல்லி, அதற்கு ஏற்ப அளவை வைத்துக்கொண்டேன். படமும் ஒலியும் தனித்தனியாகப் பதிவானதால், ஒவ்வொரு முறையும் தொடங்குமுன் கூத்துத் தாளத்தை ஒரே ஒரு தட்டுத் தட்டினோம். தொகுக்கும்போது அந்தத் தட்டை வைத்து இரண்டையும் பொருத்துவது எளிதாக இருந்தது. இடமும் மாறியது. வெற்றுச் சுவர் அறையில் இந்தக் கருவியின் ஒலி காதைக் குத்தியது. கேழ்வரகு மூட்டைகள் அடுக்கியிருந்த உள்ளறையில் எதிரொலி அடங்கியது.

விரல் பாடத்தில் இன்னொரு தவறு செய்தேன். படம் எப்படி விழுகிறது என்று பார்த்துக்கொண்டே எடுக்கலாம் என்பதற்காக முன்பக்கக் கேமராவைப் பயன்படுத்தியதால், இடக்கையை மேலே வைக்கும் பெரியவர் படத்தில் வலக்கையை மேலே வைப்பவராகத் தெரிந்தார். இடவலத்தைச் சரிசெய்த பிறகும், எதிரே உட்கார்ந்து பார்ப்பவருக்குக் குழப்பம் தீராது. கடைசியில் அவருக்குப் பின்னால் ஒரு முக்காலியின் மேல் ஏறி நின்று, அவருடைய தோளுக்கு மேலிருந்து எடுத்தேன். அவர் தன் விரல்களை எப்படிப் பார்க்கிறாரோ அப்படியே கற்பவரும் பார்ப்பார்.

எதைக் கற்பிப்பது என்பதில் எங்களுக்குள் சிறு பூசல் வந்தது. கர்நாடக இசையின் தொடக்கப் பயிற்சியான சரளி வரிசையிலிருந்து தொடங்க வேண்டும் என்றேன் நான். கூத்தில் எவனாவது சரளி வரிசை கேட்பானா என்று அவர் திருப்பிக் கேட்டார். வேஷக்காரர் பாடும் அடியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போவதுதான் முகவீணையின் வேலை. பாட்டின் சொல் காதில் விழாதவனுக்கு விரல் ஓடிப் பயனில்லை என்பது அவர் கட்சி. யோசித்துப் பார்த்ததில் அவர் பக்கம்தான் நியாயம் இருந்தது. ஆகவே ஒரு தருவின், அதாவது கூத்துப் பாட்டின், அடியை அவர் முதலில் பாடுகிறார், பிறகு ஊதுகிறார், அதன்பின் தாளம் மட்டும் ஓடும் அதே அளவு வெற்று நேரம் வருகிறது. கற்பவர் அந்த இடத்தில் ஊதிக்கொள்ள வேண்டும். மெதுவாக ஊதிக் காட்டச் சொன்னபோதுதான் அவர் திணறினார். காலத்தைக் குறைத்ததும் கமகம், அதாவது சுரத்தின் அசைவு, கலைந்துபோகிறது என்றார். எனவே அவர் தன் வேகத்திலேயே ஊதினார். மெதுவாகப் பார்க்க விரும்புபவர் சுருதி மாறாமல் ஓட்டத்தைப் பாதியாக்கிக்கொள்ளும் வசதி யூடியூபிலேயே இருக்கிறது. நாதம் சற்றுக் கலங்கிக் கேட்கும், ஆனால் விரல் தெளிவாகத் தெரியும்.

மொத்தம் ஒன்பது பாடங்கள். எல்லாவற்றிலும் ஓரத்தில் ஒரு சேவல் கூவுகிறது, அதை நீக்கவில்லை.

சென்ற மாதம் ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் தான் ஊதியதை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். எனக்கு நன்றாகவே இருப்பதாகத் தோன்றியது. பெரியவர் கைப்பேசியைக் காதோடு வைத்து இரண்டு முறை கேட்டுவிட்டு, "பையன் மேல தப்பில்ல, சீவாளி காஞ்சு ஓரம் பிரிஞ்சிருக்கு" என்றார். மாணவரிடம் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். நுனியில் மயிரிழை அளவுக்கு ஒரு பிளவு இருந்தது. சீவாளியை எப்படிப் பாதுகாப்பது, எப்போது தூக்கிப் போடுவது என்பதை ஒன்பது பாடங்களில் எங்குமே நாங்கள் சொல்லவில்லை. திருவாவடுதுறையிலிருந்து புதுச் சீவாளிகள் வந்ததும், நல்லதையும் கெட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பத்தாவது பாடத்தை எடுக்க இருக்கிறோம். தன் பழைய சீவாளிகளைக் கோத்து வைத்திருக்கும் சரத்தை அவர் இப்போதே தேடி எடுத்து வைத்திருக்கிறார்.