தாடை நகர்ந்தால் உடம்பில் எது மாறும், எது மாறாது

சில பல் மருத்துவர்களிடம் போனால், கடைவாய்ப் பற்களுக்கு நடுவே பஞ்சுருளை ஒன்றை வைத்துக் கடிக்கச் சொல்வார்கள். ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி மேலிருந்து அமுக்குவார்கள். பஞ்சு இல்லாதபோது கை தாழும், பஞ்சு இருந்தால் தாழாது. "பார்த்தீங்களா, கடி சரியில்லாததாலதான் உடம்பே தளர்ந்து போயிருக்கு" என்பார்கள். வருஷக்கணக்காக வலியோடு அலைந்தவருக்கு அந்த நொடியில் கண்ணீரே வந்துவிடும்.

அமுக்குகிறவருக்கு எப்போது பஞ்சு இருக்கிறது என்று தெரியும் என்பதுதான் இதிலுள்ள சிக்கல். அமுக்கும் வேகம், இடம், கோணம் மூன்றும் அவர் கையில் இருக்கின்றன. மணிக்கட்டில் அமுக்கினால் கை எளிதில் தாழும், முழங்கைக்கு அருகே அமுக்கினால் தாழாது. இரண்டாம் முறை கை நீட்டுகிறவரும் தன்னையறியாமல் தயாராக நிற்பார். பஞ்சு இருக்கிறதா இல்லையா என்பது அமுக்குபவருக்குத் தெரியாதபடி, மூன்றாம் ஆள் வைத்தும் எடுத்தும் பத்து முறை செய்யச் சொல்லுங்கள். பெரும்பாலும் அந்தச் சோதனை அத்தோடு முடிந்துவிடும்.

கடியை, அதாவது மேல் கீழ்ப் பற்கள் பொருந்தும் விதத்தை, சரிசெய்தால் ஒற்றைத் தலைவலி, காதிரைச்சல், கிறுகிறுப்பு, முதுகுவலி, ஃபைப்ரோமயால்ஜியா என்ற நாட்பட்ட உடம்புவலி எல்லாம் போகும் என்கிறார்கள். பார்க்கின்சன் நோயைக்கூட இந்தப் பட்டியலில் சேர்க்கிறவர்கள் உண்டு. முழுக்கப் பொய் என்று ஒதுக்கவும் முடியாது, முழுக்க நம்பவும் கூடாது. தாடையை நகர்த்துவதால் உடல்நோய் ஒன்று உண்மையிலேயே மாறுகிறதென்றால், அது பெரும்பாலும் மூச்சுவழி மூலமாக நடக்கிறது, பற்கள் ஒன்றோடொன்று பொருந்தும் விதத்தால் அல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் இவ்வளவு பணமும் பல்லும் வீணாகின்றன.

கதை 1934-ல் தொடங்குகிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துக் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன், காதடைப்பு, காதிரைச்சல், தலைச்சுற்றல், தலைவலி எல்லாம் தாடை மூட்டுக் கோளாறால் வருகின்றன என்று எழுதினார். கடைவாய்ப் பற்கள் போனதும் கீழ்த்தாடை அளவுக்கு மீறி மேலேறி, மூட்டுக்குப் பின்னாலுள்ள நரம்பையும் காதுக்குழலையும் அழுத்துகிறது என்பது அவர் விளக்கம். கடியின் உயரத்தைக் கூட்டினால் சரியாகும் என்றார். அவர் சொன்ன மாதிரி அழுத்தம் ஏற்பட வழியில்லை என்று பின்னால் வந்த உடற்கூறியலாளர்கள் காட்டிவிட்டார்கள். விளக்கம் போய்விட்டது. "கடியை உயர்த்து" என்ற வைத்தியம் மட்டும் தங்கிவிட்டது.

காஸ்டன் கண்ட அறிகுறிகள் பொய்யல்ல. தாடையிலிருந்து வரும் நரம்புச் செய்தியும் கழுத்தின் மேற்பகுதி மூன்று நரம்புகளிலிருந்து வரும் செய்தியும் மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியில் ஒரே நரம்பணுக்களில் வந்து சேர்கின்றன. அதனால் கன்னத்துத் தசை இறுகினால் நெற்றிப்பொட்டு வலிக்கும், கழுத்து இறுகினால் தாடை வலிக்கும். பற்களை இறுகக் கடித்தால் காதிரைச்சலின் சுருதி மாறுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒன்று இன்னொன்றைக் கிளறுவது வேறு, ஒன்றால் இன்னொன்று உண்டாவது வேறு. தாடை மூட்டு வலி, ஃபைப்ரோமயால்ஜியா, குடல் எரிச்சல் நோய், நாட்பட்ட ஒற்றைத் தலைவலி, நாட்பட்ட இடுப்புவலி உள்ளிட்ட பத்து நோய்களை அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் ஒன்றோடொன்று மேலடுக்கி வரும் நாட்பட்ட வலி நோய்கள் என்று ஒரே குடும்பமாக வைத்துப் பார்க்கிறது. வலியைப் பெரிதாக்கிக் காட்டும் நரம்பு மண்டலமும் கெட்ட தூக்கமும் இவற்றுக்குப் பொது. குடும்பத்தில் ஒருவர் தாடை என்பதற்காக அவரையே குடும்பத்தலைவர் ஆக்கிவிடக் கூடாது.

கடிக்கு இதில் எவ்வளவு பங்கு? ஒரு கணக்குப் போட்டால் போதும். மென்று விழுங்குவதையெல்லாம் சேர்த்தாலும், மேல் கீழ்ப் பற்கள் ஒரு நாளில் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஏறக்குறைய 20 நிமிடம்தான். மீதி நேரம் இடையே 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். எப்படிப் பொருந்துகின்றன என்பதைவிட, தொடக்கூடாத நேரத்தில் எவ்வளவு நேரம் தொடுகின்றன என்பதே தசைக்குப் பெரிய செய்தி. பற்களை ராவிக் கடியைச் சமன்படுத்துவதால் தாடை மூட்டு வலி தீரும் அல்லது வராமல் தடுக்கலாம் என்பதற்குச் சான்றில்லை என்று, மருத்துவச் சோதனைகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 2003-லேயே சொல்லிவிட்டது. அதைவிட வேடிக்கை, அண்ணத்தை மட்டும் மூடி, பற்களின் கடியைத் தொடவே தொடாத போலித் தகட்டைக் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் பலருக்கு அதிலும் வலி குறைந்தது.

அப்படியானால் ஸ்ப்ளின்ட், அதாவது இராத்திரியில் பல்லில் மாட்டிக்கொள்ளும் நைட் கார்டு என்ற தகடு, வீணா? இல்லை. அதன் வேலை சின்னது என்று தெரிந்து போட்டால் பயன் உண்டு. இரவில் பல் நறநறப்பவரின் பற்கள் தேயாமல் காக்கும், சிலருக்குக் காலை வலியைக் குறைக்கும். 2023 டிசம்பரில் பி.எம்.ஜே. என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த நாட்பட்ட தாடை வலிக்கான வழிகாட்டுதல், கடியை நிரந்தரமாக மாற்றாத ஸ்ப்ளின்ட்டையே தயக்கத்தோடுதான் பார்க்கிறது. கடியை நிரந்தரமாக மாற்றும் தகடுகளை உறுதியாக வேண்டாம் என்கிறது. மேற்பார்வையோடு செய்யும் தாடைப் பயிற்சி, கையால் மூட்டை அசைத்துவிடுதல், தசை முடிச்சுகளை அமுக்கிவிடுதல், வலியைக் கையாளும் மனநலப் பயிற்சி ஆகியவற்றையே முன்னால் வைக்கிறது.

போடுவதாக இருந்தால் எது சரியான தகடு என்று தெரிந்திருக்க வேண்டும். கெட்டியான தெளிந்த அக்ரிலிக், ஒரு தாடையின் எல்லாப் பற்களையும் மூட வேண்டும், கடைவாயில் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் கனம். இரண்டு தாடைக்கும் அளவெடுத்து லேபில் செய்தது. போட்டதும் ஆடக்கூடாது, பற்களை இறுக்கவும் கூடாது. கலர் பேப்பர் வைத்துக் கடித்தால் இரண்டு பக்கமும் எல்லாக் கடைவாய்ப் பற்களும் ஒரே அளவில் புள்ளி விழ வேண்டும். தாடையைப் பக்கவாட்டில் நகர்த்தும்போது கோரைப்பல் மட்டும் தொட்டு மற்றவை விலக வேண்டும். ஒரு வாரம் கழித்து ஒருமுறை, பின் மூன்று வாரத்தில், பின் மாதாமாதம் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். தசை தளரத் தளரத் தாடை நிற்கும் இடம் மாறும், புள்ளிகளும் மாறும். கையில் கொடுத்துவிட்டு "போய்ட்டு வாங்க" என்றால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது. மருந்துக்கடை ரப்பர் தகடு வேண்டாம். மெத்தென்று இருப்பதால் சிலர் இன்னும் அதிகமாக மெல்லத் தொடங்குவார்கள். சுடுதண்ணீரில் கழுவினால் வளையும், பற்பசை போட்டுத் தேய்த்தால் கீறல் விழும். பச்சைத் தண்ணீரும் மெல்லிய பிரஷ்ஷும் போதும்.

தகட்டை இராத்திரி மட்டும் போட வேண்டும். நாள் முழுக்க, மாதக்கணக்கில், சாப்பிடும்போதும்கூடப் போடச் சொன்னால் அங்கே நில்லுங்கள். முன்பற்களை மட்டும் மூடும் தகடாக இருந்தால் தொடாத கடைவாய்ப் பற்கள் வளர்ந்து வெளியே வரும், பிறகு முன்பற்கள் சேராது. கடைவாயை மட்டும் மூடுவதாக இருந்தால் அவை உள்ளே அமுங்கும், தகட்டைக் கழற்றினால் கடைவாய் கடிக்காது. இப்போது சாப்பிடவே முடியாதல்லவா? "பார்த்தீங்களா, உங்க தாடை அதோட சரியான இடத்தைக் கண்டுபிடிச்சிருச்சு. இதை நிலைநிறுத்தக் கிளிப் போடணும், இல்லேன்னா எல்லாப் பல்லுக்கும் கேப் போடணும்" என்பார்கள். ராவிய எனாமல் திரும்ப முளைக்காது. இருபது பல்லை ராவிக் கேப் போட்டவருக்கு வாழ்நாள் முழுக்கப் பராமரிப்புச் செலவு. வலியும் போகவில்லையென்றால் என்ன சொல்வது?

அதைவிடக் கொடிய உதாரணமும் உண்டு. 1980-களில் அமெரிக்காவில் தாடை மூட்டுக்குள் மெத்தைபோல இருக்கும் தட்டுக்குப் பதிலாக, வைடெக் என்ற நிறுவனம் செய்த புரோப்ளாஸ்ட் டெஃப்ளான் தகடு பொருத்தினார்கள். மெல்லும் அழுத்தத்தில் அது பொடிந்தது. பொடியை எதிர்த்து உடல் கிளர்ந்து, மூட்டு எலும்பையே அரித்தது. 1990-ல் அந்நாட்டு மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்துத் திரும்பப் பெற வைத்தது. தாடைச் சிகிச்சையால் நாட்பட்ட நோய் தீர்வது பற்றிப் பேசும்போது, சிகிச்சையாலேயே நாட்பட்ட நோயாளி ஆனவர்களையும் நினைக்க வேண்டும்.

இனி மூச்சுவழி. தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வரும் நோயில், பற்களில் மாட்டும் வேறொரு வகைத் தகட்டால் கீழ்த்தாடையை முன்னே இழுத்துப் பிடித்தால் நாக்கும் கூடவே முன்னே வந்து வழி திறக்கும். கீழ்த்தாடை முழுக்கப் பின்னாலிருந்து முழுக்க முன்னால் வரை 10 மில்லிமீட்டர் நகருமென்றால், 5 அல்லது 6-ல் தொடங்கி, வாரத்துக்கு அரை அல்லது ஒரு மில்லிமீட்டராகக் கூட்டுவார்கள். ஒவ்வொரு தாடையிலும் எட்டுப் பல்லாவது உறுதியாக இருக்க வேண்டும், ஈறு நோய் இருக்கக் கூடாது. குறட்டை, காலைத் தலைவலி, பகல் தூக்கம் குறையும். இரத்த அழுத்தமும் இறங்கும், ஆனால் சராசரியாக 2 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குத்தான். மாத்திரையை நிறுத்த இது போதாது. தூக்கம் சரியானால் வலி தாங்கும் சக்தி கூடும், உடம்பு வலி குறையும். "கடியைத் திருத்தினார்கள், ஃபைப்ரோமயால்ஜியா போயிற்று" என்று கேள்விப்படும் கதைகளில் சிலவற்றுக்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

இங்கும் பின்விளைவு உண்டு. காலையில் எழுந்ததும் பற்கள் பொருந்தாது. ஒரு கால் மணி நேரம் கடைவாயில் மெல்லக் கடித்துத் தாடையைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். வருஷங்கள் போகப் போக மேல் முன்பற்கள் சற்று உள்ளேயும் கீழ்ப்பற்கள் சற்று வெளியேயும் சாய்வது சகஜம், அதை ஏற்றுக்கொண்டுதான் தொடங்க வேண்டும். குறட்டை நின்றதை வைத்து நோய் நின்றதாக முடிவு கட்டக் கூடாது. தகட்டோடு மறுபடி தூக்கச் சோதனை எடுத்தால்தான் தெரியும். மணிக்கு 30 முறைக்கு மேல் மூச்சு அடைபடும் கடுமையான நோய்க்குக் காற்றழுத்த முகமூடிதான் முதலில். இதன் மறுபக்கமும் முக்கியம்: சாதாரண நைட் கார்டு தாடையைத் திறந்து சற்றுப் பின்னே தள்ளுவதால், மூச்சடைப்பு உள்ள சிலருக்கு அது கூடிவிடுகிறது. பல் நறநறப்புக்குத் தகடு கொடுக்கும் முன் குறட்டை உண்டா என்று கேட்காத பல் டாக்டருக்கு நீங்களே நினைவூட்டுங்கள்.

காரணமும் விளைவும் தலைகீழாக நிற்கும் இடம் ஒன்று உண்டு. முடக்குவாதத்தில் தாடை மூட்டின் குமிழ் தேயும்போது தாடை பின்னே சரியும், முன்பற்கள் மெல்ல மெல்லத் திறந்துகொள்ளும். கடி மாறியதால் மூட்டு நோய் வந்ததாகப் படும், நடந்ததோ நேரெதிர். சில மாதங்களில் கடி மாறியிருந்தால் கிளிப்புக்கு முன் இரத்தப் பரிசோதனையும் மூட்டு மருத்துவரும். நம் ஊரில் இன்னொன்று: பாக்கு, குட்கா, பான் மசாலா போடுகிறவருக்கு வாய் திறப்பது குறைந்து, காரம் பட்டால் எரிந்தால், அது தாடை மூட்டு அல்ல. கன்னத்தின் உட்தோல் நார் நாராக இறுகும் நோய், புற்றுநோயாக மாறக்கூடியது. வாய் எவ்வளவு திறக்கிறது என்பதை முன்பற்களுக்கு இடையே அளவுகோல் வைத்துப் பாருங்கள். 40 மில்லிமீட்டருக்கு மேல் சாதாரணம், 35-க்குக் கீழே பார்க்க வேண்டியது. சுமாராக மூன்று விரல் செங்குத்தாக நுழைய வேண்டும்.

ஐம்பது வயதைத் தாண்டியவருக்குப் புதிதாக நெற்றிப்பொட்டு வலி, உணவை மெல்லும்போது வலி கூடி, மெல்வதை நிறுத்தினால் அடங்குவது, தலைவாரினால் வலிப்பது, பார்வை மங்குவது இருந்தால் அன்றே மருத்துவமனை போக வேண்டும். நெற்றிப்பொட்டுத் தமனி அழற்சி கண்ணைப் பறித்துவிடும். மாடி ஏறும்போது தாடை வலித்தால் இதயத்தைப் பார்க்க வேண்டும். மின்சாரம் பாய்வதுபோல் நொடிக்கணக்கில் வெட்டினால் அது நரம்பு வலி, பல்லைப் பிடுங்கினாலும் போகாது.

வலியில்லாமல் 'டிக்' என்று சத்தம் மட்டும் வந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். எந்தத் தொல்லையும் இல்லாதவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால் மூன்றில் ஒருவருக்கு மூட்டுத் தட்டு இடம் மாறியிருக்கிறது. வலி இருந்தால் முதல் ஆறு வாரத்துக்கு வீட்டிலேயே செய்துகொள்ளும் பராமரிப்பு போதும். உதடு மூடி, பல் விலகி, நாக்கு நுனி மேல் அண்ணத்தில்: 'ன்' என்று சொல்லி நிறுத்தினால் நாக்கு நிற்கிறதே, அந்த இடம். கணினித் திரையிலும் ஃபோனிலும் சின்ன ஸ்டிக்கர் ஒட்டி, கண்ணில் படும்போதெல்லாம் பற்கள் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். தொட்டிருப்பது எத்தனை முறை என்று முதல் நாளே திகைப்பீர்கள். நாக்கு நுனியை அந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு மெதுவாக வாயைத் திறந்து மூடுவது ஆறு முறை, ஒரு நாளில் ஆறு தடவை. கன்னத்தில் வெந்நீர் ஒத்தடம் 15 நிமிடம், இரு வேளை. முறுக்கு, சீடை, கரும்பு, எலும்பு, சூயிங்கம் தள்ளி வையுங்கள். கஞ்சி மட்டும் குடித்துக்கொண்டு மாதக்கணக்கில் தசையைச் சோம்பலாக்கவும் வேண்டாம். கொட்டாவி வந்தால் முகவாய்க்குக் கீழ் கையைக் கொடுங்கள்.

இதற்கும் அடங்காமல் யாராவது பல்லை ராவவோ, கிளிப் போட்டுத் தாடையை நகர்த்தவோ சொன்னால், தொடும் முன் இரு தாடைக்கும் மாதிரி வார்ப்போ ஸ்கேனோ எடுத்து ஒரு நகலை வாங்கி வையுங்கள். இப்போதைய வாய் திறப்பு அளவையும் எழுதி வாங்குங்கள். எந்த நோய், எந்த அறிகுறி, எத்தனை மாதத்தில், எவ்வளவு குறைய வேண்டும், குறையாவிட்டால் எங்கே நிறுத்துவது என்பதையும் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் நகலோடு வேறொரு மருத்துவரிடம் போகலாம், பற்கள் அப்போதும் முழுசாக இருக்கும்.